உன் வாசலுக்காக ஊற்றிய உப்புத் தண்ணீர்

பூந்தமல்லி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரூஹிக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் இங்கே நலம் என்று ஒரு வரியில் எழுதினால் நீ நம்ப மாட்டாய், உடனே போனைப் போட்டு உண்மையைச் சொல்லுங்கம்மா என்பாய், அதனால் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், ஒரு ஆளுக்கு எதற்குக் குழம்பு என்று தோன்றுகிற நாளில் மட்டும் ரசத்தோடு முடித்துக்கொள்கிறேன். நீயும் உன் வயிற்றில் இருக்கும் உயிரும் மாப்பிள்ளையும் மாமியும் மாமாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் கையேந்துகிறேன். உன் அத்தா வெள்ளிக்கிழமை சவூதியில் தம்மாமிலிருந்து பேசினார், அங்கே குளிர் இன்னும் விடவில்லையாம், முதலில் உன்னைத்தான் விசாரித்தார், என்னை அப்புறம்தான், அது வழக்கம்தானே.

புது வீட்டு வாசல் தரைக்கு என்ன போடலாம் என்று நீ கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது, ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று மழுப்பினேன், உனக்குக் கோபம் இருக்கும். அம்மா ஐந்து வருஷமாகத் திருமழிசை எஸ்டேட்டில் ஸ்டாம்ப்டு காங்கிரீட் சாமான் விற்கிற கம்பெனியில்தானே உட்கார்ந்திருக்கிறாள், பச்சைக் காங்கிரீட்டில் அச்சை அழுத்திக் கருங்கல் மாதிரியும் மரப்பலகை மாதிரியும் ஆக்குகிற வித்தையில் எது நல்லது எது கெட்டது என்று ஒரு போனில் சொல்லிவிட முடியாதா என்று மாப்பிள்ளை கேட்டாராமே, நியாயம்தான். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் எடுக்கிற புகார் போனில் அடுத்தவர் என்னைத் திட்டியதிலிருந்து தெரிந்துகொண்டது. அதில் பாதிப் பேர் அம்பத்தூர், ஆவடிக்காரர்கள், அவர்கள் வீட்டுக்குக் கடல் காற்று வராது. உன் வீடோ காயல்பட்டினத்தில் கடலைப் பார்த்து நிற்கிறது, அலைச் சாரல் மதிலில் படிகிறது என்று நீயே சொன்னாய். பிள்ளைத்தாய்ச்சி நடக்கப் போகிற தரைக்குக் கேட்டலாக்கைப் பார்த்துப் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதனால் என்ன செய்தேன் என்று கேட்டால் சிரிப்பாய். கம்பெனியில் வருகிறவர்களுக்குக் காட்ட வார்த்து வைத்த மாதிரிக் கற்களில் மூன்றைக் கேட்டு வாங்கி, ஷேர் ஆட்டோவில் மடியில் ஒன்றும் காலடியில் இரண்டுமாக வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அச்சுப் போடும் ஆட்களுக்குத் தலைவர் கஜபதி இருக்கிறாரே, அவர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டே, இன்னா யக்கா, பொண்ணு ஊட்டுக்குச் சீர்வரிசையா, சொல்லிருந்தா மேளம் வச்சிருப்பேனே என்று எல்லார் முன்னாலும் கத்தினார். மூன்றையும் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக வரிசையாகப் போட்டேன். தினமும் வேலைக்குக் கிளம்பும்முன் ஒரு வாளியில் கல்லுப்பைக் கரைத்து மூன்றின்மேலும் ஊற்றுவேன், நாளெல்லாம் வெயிலில் காயும், திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பேன். நம் ஊரில் கடல் ஏது, நானே ஒன்றைக் கரைத்துக்கொண்டேன். பக்கத்து மாடியில் துணி உலர்த்த வந்த முனியம்மா பார்த்துவிட்டு, இன்னாம்மே, தெனிக்கும் கல்லுக்கு உப்புத்தண்ணி ஊத்திகினு கீற, மொளச்சு வந்துடுமா என்றாள். ரூஹி வீட்டு வாசலில் போடப் போகிற ஸ்டாம்ப்டு காங்கிரீட் என்று விளக்கினேன். ஸ்டாம்பா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒட்டுவாங்களே அதையா தரைல ஒட்டப் போறீங்க, மழ பேஞ்சா கிழிஞ்சு பூடாது என்று கேட்டாள், நிஜமாகத்தான் கேட்டாள், அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் எனக்கே என் குரல் புதிதாக இருந்தது, நீ போன பிறகு இந்த வீட்டில் அவ்வளவு சத்தமாக யாரும் சிரிக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன், இதை மேஸ்திரியிடம் அப்படியே படித்துக் காட்டு, வாய்ஸ் மெசேஜ் போட்டால் சரி சரி என்று பாதியிலேயே போய்விடுகிறார் என்றாயே, அதற்காகத்தான் எழுத்தாக எழுதுகிறேன். மாப்பிள்ளை போட்டோவில் காட்டிய கரும்பலகை நிறம் வேண்டவே வேண்டாம். அந்தக் கல்லில்தான் முதலில் உப்புப் பூத்தது, கறுப்புப் புடவையில் விபூதி கொட்டின மாதிரி வெள்ளை வெள்ளையாக, துடைத்தால் போகும், மறுநாள் திரும்ப வரும், வெயிலில் கால் வைக்க முடியவில்லை. இரண்டாவது ஆழமான வெட்டு வைத்த கருங்கல் அச்சு, பார்க்க அரண்மனை மாதிரி இருக்கும், ஆனால் பள்ளத்தில் எல்லாம் உப்பும் தூசியும் உட்கார்ந்துகொள்கிறது, உங்கள் ஊரில் மணலும் சேரும், குனிந்து குனிந்து யார் தேய்ப்பது. மூன்றாவதுதான் நான் சொல்வது, ஈர மணலுக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஒரு நிறம், மேலாக மட்டும் சொரசொரப்பு, உப்பு படிந்தாலும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஒரு குவளை நல்ல தண்ணீரில் போய்விடுகிறது. பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும், மாப்பிள்ளை முகம் சுளிப்பார், பரவாயில்லை, நடக்கப் போகிறது நீ.

காங்கிரீட் கலக்க உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கூடாது, கரிக்கிற தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனாலும் பிறகு உள்ளிருந்தே உப்புக் கக்கும், லாரியில் நல்ல தண்ணீர் வாங்கட்டும். பக்கத்தில்தானே இருக்கிறது என்று கடற்கரை மணலில் கை வைக்க விடாதே. கனம் நாலு அங்குலத்துக்குக் குறையக் கூடாது, கம்பி போட்டால் அதை மண்மேல் படுக்க விடாமல் அடியில் கட்டை கொடுத்துத் தூக்கி வைக்கட்டும், கடல் காற்றில் கம்பி துருப்பிடித்தால் தரையே வெடிக்கும். தண்ணீர் ஓடுகிற வாட்டம் வீட்டுப் பக்கம் இல்லாமல் தெருப் பக்கம் இருக்க வேண்டும், எட்டு பத்து அடிக்கு ஒரு வெட்டு விட வேண்டும், டிசைன் கெடுகிறது என்று மேஸ்திரி தவிர்க்கப் பார்ப்பார், வெட்டு நாம் விடாவிட்டால் தரை தானாக விட்டுக்கொள்ளும். ரொம்ப முக்கியமாக, உச்சி வெயிலில் கொட்டக் கூடாது. கடல் காற்று மேல்தோலை மட்டும் உலர்த்திவிடும், உள்ளே களியாக இருக்கும், அச்சை அழுத்தினால் தோல் கிழியும். காற்று வருகிற பக்கம் தார்ப்பாய் கட்டிவிட்டு விடியற்காலையில் ஆரம்பிக்கச் சொல். அச்சு ஒட்டாமல் இருக்கத் தூவுகிற பொடியைப் பிறகு நன்றாகக் கழுவ வேண்டும், ஈரச் சாக்குப் போட்டு மூடினால் நிறம் திட்டுத் திட்டாகும் என்பதையும் சொல்லிவிடு. மேலே பூசுகிற சீலர் பளபளப்பு வகை வேண்டாம், மங்கல் வகை வாங்கி அதில் வழுக்காமல் இருப்பதற்கான தூளைக் கலக்க வேண்டும், மெல்லிசாக இரண்டு கை. அதுவும் உடனே இல்லை, தரை ஒரு மாதமாவது காய வேண்டும், அவசரப்பட்டு ஈரத்தின்மேல் பூசினால் பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிடும். இந்த ஒரு மாதம் என்பதை மறக்காதே, இதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, வாரத்தில் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவு, சோப்புத்தூள் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாம், கம்பி பிரஷ் கூடாது, இரும்பு நாற்காலியை வெளியே போட்டு மறக்காதே, துருக்கறை போகாது. தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்கும், நிற்காமல் உள்ளே இறங்கினால் மறுபடியும் சீலர் அடிக்க வேளை வந்துவிட்டது என்று அர்த்தம், உங்கள் பக்கம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டியிருக்கும். ஆனால் ஆசிட் மட்டும் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது ரூஹி. பெருநாள் வந்தாலும் கல்யாணம் வந்தாலும் நம் சனங்களுக்கு முதலில் தோன்றுவது பாத்ரூமுக்கு வாங்கிய ஆசிட்டை வாசலிலும் ஊற்றித் தேய்ப்பதுதான். போன மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமிருந்து ஒரு அம்மா போன் செய்தார். மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறானாம், பல வருஷம் கழித்து, வாசல் பளிச்சென்று இருக்கட்டும் என்று தானே ஆசிட் ஊற்றித் தேய்த்திருக்கிறார், தரை நுரைத்துக்கொண்டு சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன், அவர் அழுதார். தரைக்காக அழவில்லை, அவன் வந்து பார்த்து, அம்மாவுக்கு வயசாகிவிட்டது, தனியாக விட முடியாது என்று சொல்லிவிடுவானோ என்று அழுதார். மேல்பூச்சைத் தேய்த்தெடுத்து மறுபடியும் நிறம் கொடுக்கலாம், ஆள் அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நான் தாமதித்ததற்கு உப்புத் தண்ணீர் மட்டும் காரணமில்லை, உனக்கும் அது தெரியும். தரை எது என்று கேட்ட அதே மெசேஜில் நீ இன்னொன்றும் கேட்டிருந்தாய், பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாமா, நீங்கள் இங்கே வந்துவிடுகிறீர்களா என்று. நான் தரையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டே இருந்தேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது, உயரம் குறைந்த கட்டிலாகப் பார்த்து மாற்றிவிட்டேன், பாத்ரூமில் வழுக்காத டைல்ஸ் போட்டேன், வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு டாக்டரம்மாவிடம் பேசிக்கூட வைத்தேன். உன் கல்யாணம் முடிந்து அந்த அறைக் கதவைச் சாத்தியவள், நீ வருவாய் என்றுதான் திறந்தேன். மகள் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதா என்று நம் தெருவில் கேட்பார்கள், அதுவும் ஒரு பயம். இதை உன்னிடம் சொன்னால் உன் வயிற்றுப் பாரத்தோடு என் பாரத்தையும் சுமப்பாய் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு நாள் உன் மாமியே போன் செய்தார், உனக்குச் சொன்னாரோ இல்லையோ. சம்பந்தியம்மா, எங்க ஊருல பொம்பளப் புள்ளய நாங்க வெளியே அனுப்புறதில்ல, மாப்பிளதான் பொண்ணு ஊட்டுக்கு வரணும், எம் பையன் பூந்தமல்லியில கட்டிக்கிட்டு வந்துட்டான், போறதுக்கு ஊடு இல்லாம நின்னான், ஊருல எல்லாரும் கேலி பண்ணுனாங்க, அதான் மருமவ பேருக்கே ஒரு ஊடு கட்டியாச்சு, இப்ப ஊடு இருக்கு, உம்மாதான் இல்ல, உம்மா இல்லாம என்ன தாய்வீடு என்றார். சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். நான் பதிலுக்கு, பார்ப்போம் சம்பந்தியம்மா என்றேன், எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாய்வீடு என்றால் நான் நினைத்துக்கொண்டிருந்தது பூந்தமல்லியில் இருக்கிற இந்தச் சுவர்கள். அவருக்கோ தாய் எங்கே உட்கார்கிறாளோ அதுதான் தாய்வீடு. நான் கல்யாணத்துக்கு மறுவாரம் அங்கே வந்திருந்தபோது பார்த்தது நினைவுக்கு வந்தது, உன் மாமி வீட்டில் முன்வாசல் வழியாக வந்தது ஆண்களும் நானும்தான், மற்றப் பெண்களெல்லாம் பின்னால் முடுக்கு என்கிற சந்து வழியாக வீட்டுக்கு வீடு வந்துபோய்க்கொண்டே இருந்தார்கள், யாரும் யாரையும் வாங்க என்று சொல்லவில்லை, எனக்கு மட்டும் நாற்காலி எடுத்துப் போட்டார்கள்.

அதற்குப் பிறகும் முடிவு வரவில்லை, கல்தான் முடிவு செய்தது. பளபளப்புச் சீலர் அடித்த அந்தக் கறுப்புக் கல் வழுக்குமா என்று பார்க்க அதில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, பிள்ளைத்தாய்ச்சி நடப்பது மாதிரி இடுப்பில் ஒரு குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு ஏறினேன். பைத்தியக்காரத்தனம் என்று திட்டாதே. கால் சறுக்கி முழங்கையை ஊன்றி விழுந்தேன், பயப்படாதே, தோல் உரசியதோடு சரி, ஆறிவிட்டது, இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். விழுந்தவுடன் முதலில் உன்னைத்தான் நினைத்தேன், இது ரூஹியாக இருந்தால் என்று. அப்படியே ஈரத்தில் கிடந்தேன். முனியம்மா கீழே போய்விட்டிருந்தாள், தெருவில் யாரோ பழைய இரும்பு வாங்கிக்கொண்டு போனார்கள், கீழே என் போன் அடித்து அடித்து நின்றது. அப்போதுதான் இன்னொன்று தோன்றியது, இது நானாக இருந்தால், நான்தானே விழுந்து கிடக்கிறேன், யார் வருவார்கள் என்று. என்னைப் பார்த்து உன் அக்காவா என்று கேட்கிறார்கள், எனக்கு ஒன்றும் வயசாகிவிடவில்லை, இருந்தாலும் தோன்றியது. கீழே வந்து போனைப் பார்த்தால் நீ. உன்னிடம் குளித்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

மறுநாள் கம்பெனியில் போய் முதலாளியிடம் நீண்ட லீவு கேட்டேன். லீவு எதற்கு, புகார் போனை உங்கள் செல்லுக்கே திருப்பிவிடுகிறோம், கடலோரத்தில் உட்கார்ந்து பதில் சொன்னால் கடலோர வீட்டுக்காரர்கள் இன்னும் நம்புவார்கள் என்றார். கஜபதி கேட்டுவிட்டு, யக்கா, அங்க போய் நம்ம தரைய நீயே பாத்துக்கோ, வெடிப்பு உட்டுச்சுன்னா நீயே உனக்குப் போன் பண்ணித் திட்டிக்கோ என்றார். அத்தாவிடம் சொன்னேன், வீட்டுச் சாவியை முனியம்மாவிடம் கொடு, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல் என்றார், அவர் சம்மதம் அப்படித்தான் வரும். தெருவில் யாரும் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் தாய்வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன், எந்தத் தாய், யாருடைய வீடு என்று அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் நான் எழும்பூரில் ரயில் ஏறிவிடுவேன்.

அதனால் மேஸ்திரியிடம் நாளைக்கே ஆரம்பிக்கச் சொல். திருச்செந்தூர் ரயிலில் இடம் கிடைத்ததும் தேதி சொல்கிறேன், தரை காய்ந்து முடிவதற்குள் வந்துவிடுவேன். சீலரை மட்டும் யாரும் தொடக் கூடாது, டப்பாவை நானே கொண்டுவருகிறேன், எந்த நாளில் காற்று உலர்ந்திருக்கிறது என்று பார்த்து நான் பக்கத்தில் நின்று அடிக்கச் சொல்வேன். மூன்றாவது கல்லையும் கொண்டுவருகிறேன், நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க, கனமாக இருக்குமே என்று நீ சொல்வாய், சொல்லிக்கொள். நீ வருவாய் என்று திறந்துவைத்த இந்த அறைக் கதவை மறுபடியும் சாத்தப் போவதில்லை, பிள்ளைக்கு வெளிக்காற்று கொஞ்சம் பழகியதும் மூன்று பேருமாக வந்து இங்கே ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம்.

அல்லாஹ் உன்னையும் பிள்ளையையும் லேசாகப் பிரித்துக் கையில் கொடுக்கட்டும். மாமாவுக்கும் மாமிக்கும் என் சலாம், மாப்பிள்ளையிடம் கறுப்புக் கல்லுக்காக நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். இரும்பு மாத்திரையை மறக்காதே, ஈரத் தரையில் ரப்பர் செருப்பில்லாமல் கால் வைக்காதே, ராத்திரி பாத்ரூமுக்குப் போனால் மாப்பிள்ளையை எழுப்பு, தூங்கட்டும் பாவம் என்று விடாதே. முன்வாசலில் அச்சுப் போட்ட தரை காய்ந்துகொண்டிருக்கும், அதில் யாரும் மிதிக்க வேண்டாம், எனக்காகப் பலகை போட்டு வழி செய்யவும் வேண்டாம், நாற்காலியும் எடுத்துப் போட வேண்டாம். புது வீட்டுக்கும் பின்னால் முடுக்கு விட்டுத்தானே கட்டியிருக்கிறார்கள், நான் அந்த வழியாகவே வந்துவிடுகிறேன். பின்கதவைத் தாழ் போடாமல் வை.

உன் அம்மா
அஷ்ரஃபுன்னிசா